இரண்டாம் மாடிக்கு மட்டும்

எழிலரசி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தாள். தங்கியிருந்தது மலையடியில் கம்பெனி நடத்திய பெண்கள் விடுதியில். அங்கே செல்போன் சிக்னல் கிடைக்காது. வைஃபைதான் கதி.

ஒருநாள் மேனேஜர் ஜார்ஜ் அவளைக் கூப்பிட்டார்.

"ஹாஸ்டல் பொண்ணுங்க ராத்திரியெல்லாம் போன் பாத்துட்டு காலைல தையல் லைன்ல வந்து தூங்கி வழியுதுங்க. ஒம்போது மணிக்கு வைஃபை தானா நின்னுடணும்மா."

அது சுலபமான வேலை. விடுதியில் மாடிக்கொரு வைஃபை பெட்டி. அவற்றுக்குத் தனிக் கரண்ட் இணைப்பு கிடையாது. ரவுட்டரிலிருந்து போகும் நெட் கேபிளிலேயே கரண்டும் போகும். ரவுட்டரில் அந்தந்த மாடிக் கேபிள் செருகிய போர்ட்டுக்குக் கரண்டை நிறுத்தினால் பெட்டி அணைந்துவிடும். ஒன்பதுக்கு நிறுத்தி விடிகாலையில் திரும்பக் கொடுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

யாருக்காவது கஷ்டமாகுமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் பேச யாருமில்லை. அப்பா இறந்தபின் அண்ணன் கணியம்பாடி வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூர் போய்விட்டான். பொங்கலுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவான், அவ்வளவுதான்.

எழிலரசியின் அறை இரண்டாம் மாடியில். அறைத்தோழி வஹீதா மேல்விஷாரத்துக்காரி. புருஷன் ஹம்மாத் ஜித்தாவில் கடை ஒன்றில் வேலை செய்தான். அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து கிடைக்கும் இடைவேளையில்தான் அவனால் கூப்பிட முடியும். இங்கே அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும்.

"இன்னா எழிலு, வைஃபை தினமும் ஒம்போதுக்கு நின்னுடுது? ஒரே பேஜாரா இருக்கு. நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேன்," என்றாள் எழிலரசி.

மறுநாள் ஸ்கிரிப்டைத் திறந்து, இரண்டாம் மாடி போர்ட்டை மட்டும் விட்டுவிடும்படி மாற்றினாள்.

அன்று ஹம்மாத் வீடியோவில் வந்தான். வஹீதா போனை எழிலரசி பக்கம் திருப்பினாள். "இவதான் என் தோஸ்த்து. இவதான் சரிபண்ணா." விஷயம் பரவி, மற்ற மாடிப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். ஒன்பதானால் இரண்டாம் மாடி வராந்தா நிறைந்துவிடும். ஒருத்தி அம்மாவிடம் சண்டை போடுவாள், இன்னொருத்தி குழந்தைக்கு முத்தம் கொடுப்பாள், நடுவில் முறுக்குப் பொட்டலம் கை மாறும். எழிலரசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். விடுதிக்கு வந்த நாளிலிருந்து வஹீதாவைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வார்டன் சௌந்தரம் வராந்தாக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஆபீசில் சொன்னார். ஜார்ஜ் மறுபடி கூப்பிட்டார்.

"ஒரு மாடி மட்டும் எப்படிம்மா ஓடுது?"

"சார், ஃபாரின்ல புருஷன் இருக்கறவங்களுக்கு அந்த நேரந்தான் சார் கிடைக்குது. கொஞ்சம் தள்ளி வைக்கலாமே."

"உன்ன யோசன கேட்டனா? நிறுத்து."

நிறுத்தினாள்.

அன்று ஹம்மாத் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் திரையில் உறைந்தது. வராந்தா முழுக்க ஒரே நேரத்தில் குரல்கள் அறுந்தன. வஹீதா எழிலரசியைப் பார்த்தாள்.

"நீதான் நிறுத்தறியா?"

"ஆமா. சார் சொன்னாரு."

"முன்னாடியும்?"

எழிலரசி தலையசைத்தாள். வஹீதா சத்தம் போடவில்லை. "பக்கத்துக் கட்டில்லயே படுத்திருந்த. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வாரமே முதல் மாடிக்கு அறை மாற்றிக்கொண்டாள்.

அதன்பிறகு பெண்களெல்லாம் சேர்ந்து ஜார்ஜிடம் போய்ப் பேசினார்கள். தங்களோடு வரும்படி எழிலரசியை யாரும் கூப்பிடவில்லை. ஜார்ஜ் கடைசியில் இறங்கி வந்தார். "பதினொண்ணுன்னு மாத்திடும்மா, எல்லா மாடிக்கும்." ஸ்கிரிப்டில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அன்று சாப்பிட்டு முடித்து, பழக்கத்தில் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. இப்போது எல்லா மாடியிலும் வைஃபை இருந்தது, அவரவர் அறையிலேயே பேசிக்கொண்டார்கள். கீழ்மாடியிலிருந்து வஹீதாவின் சிரிப்பு கேட்டது. எழிலரசி வைஃபையில் அண்ணன் நம்பரை எடுத்துக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தரம் கூப்பிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போனாள்.