போலீசுக்கென்று அச்சடித்த பெட்டி

காட்டுப்பன்றிக்காக வாங்கிய தோட்டாவுக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பன்றிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு வழக்கும் இல்லை.

வாளையாருக்குத் தெற்கே, கேரள எல்லைக்குள், மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கடலைக்காடு. காய் பிடிக்கும் சமயத்தில் பன்றிக்கூட்டம் ஒன்று இறங்கினால் பாதிக் காடு உழுது போட்டாற்போல் ஆகிவிடும். அதற்காக என் மாமனார் காலத்திலிருந்தே வீட்டில் ஒரு லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. தோட்டா வாங்குவது பாலக்காட்டில் ஒரு கடையில். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதித் தர வேண்டும். எழுபத்தாறாம் வருஷம் ஆவணியில் அவரிடம் வழக்கமான தோட்டா இல்லை. "கம்பெனிக்காரன் போலீசுக்குன்னு போட்ட சரக்கு கொஞ்சம் இருக்கு. பன்னி ஒரே அடியில விழும். புஸ்தகத்துல மட்டும் எழுத முடியாது, பரவால்லியா?" என்று கேட்டிருக்கிறார். இவரும் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்துவிட்டார்.

வாங்கியவர் சும்மா இருந்தாரா? பெட்டி மேல் ஆங்கிலத்தில் 'போலீஸ்' என்று அச்சடித்திருந்ததை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். "போலீசே இதத்தான் போடறாங்களாமா" என்று ஊரெல்லாம் பெருமை. ஒளித்து வைத்திருந்தாலாவது பிழைத்திருப்போம். வாயைத் திறக்கவே ஜனங்கள் பயந்த எமர்ஜென்சிக் காலம். வடக்கே எங்கேயோ ஸ்டேஷனுக்குள் புகுந்து யாரோ தோட்டாக்களை அள்ளிக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சு வேறு. மூன்றாம் நாள் ஜீப் வந்தது. பெட்டியையும் துப்பாக்கியையும் காளிச்சாமி என்கிற என் புருஷனையும் ஏற்றிக்கொண்டு போனது.

பதினோரு நாள் கழித்துத்தான் என்னைப் பார்க்க விட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பாதமும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் கிடந்தன. "கடைக்காரரச் சொல்லச் சொல்லு மருதாத்தா. அவரு வித்தேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், உட்ருவாங்க" என்றார். அதற்குமேல் எங்களைப் பேச விடவில்லை.

நேரே பாலக்காட்டுக்குப் போனேன். "உங்க வீட்டுக்காரர் யாரும்மா? நான் பார்த்ததே இல்லியே" என்றார் கடைக்காரர். அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் அதே பெட்டிகள் இருந்தன. எனக்குப் படிக்கத் தெரியாது; ஆனால் அந்த எழுத்தின் வடிவம் எனக்கு மறக்குமா? கையை நீட்டிக் காட்டினேன்.

"அது போலீஸ் ஆர்டர். வேற யாருக்கும் கொடுக்கறதில்ல" என்றார்.

காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டார். அவருக்கும் பயம்தான், எனக்குத் தெரியாமலில்லை. உண்மையைச் சொன்னால் கடையும் போகும், ஆளும் உள்ளே போவார். ஆனால் அவர் பயத்துக்குப் பலி கொடுக்க என் புருஷன்தானா கிடைத்தார்?

பக்கத்துத் தோட்டத்து ரத்தினசாமியண்ணனிடம் போய் அழுதேன். அவரிடமும் துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. "யாருக்கும் விக்கறதில்லீன்னா சொன்னான்? நான் போய்க் கேட்டுப் பாக்கறேன். குடுத்தான்னா அந்தப் பெட்டியவே எஸ்.ஐ. மேசை மேல வெச்சரலாம்" என்றார். அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்களுக்காகத்தான் வந்தார்.

மறுநாள் காலை, கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று நான் எதிரே பஸ் நிற்குமிடத்தில் கூட்டத்தோடு நின்றேன். அண்ணன் போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். "பன்னித் தொல்லைன்னேன் அம்மிணி. இதுதான் கடைசிப் பெட்டி, ஆருக்கும் காட்டாதீங்கன்னு சொல்லிக் குடுத்தான்" என்றார். மிச்சச் சரக்கை எப்படியாவது தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாயங்காலத்துக்குள் இவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றே நினைத்தேன்.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும், "நீங்க வர வேண்டாங்ணா. உங்களுக்கெதுக்கு வம்புங்க" என்று சொல்லி அவரை எதிர் டீக்கடையில் உட்கார வைத்தேன். மனசாரத்தான் சொன்னேன்.

எஸ்.ஐ. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கேர்ந்து கிடைச்சு?" என்று மலையாளம் கலந்து கேட்டார். கடையைச் சொன்னேன். யார் வாங்கியது என்றார். "நாந்தானுங்க" என்றேன்.

"லைசென்ஸ் இல்லாத பொம்பளைக்கு யாரு தோட்டா கொடுப்பான்?"

ஜீப்பை அனுப்பிக் கடைக்காரரைக் கூட்டி வரச் சொன்னார். அலமாரியில் அந்த மாதிரிப் பெட்டி ஒன்றுகூட இல்லை என்று போய்வந்த போலீஸ்காரர் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க நேத்து வந்து அழுதாங்க சாரே. தோட்டா ஒண்ணும் நான் இவங்களுக்குக் கொடுக்கல" என்றார். அது சத்தியம். அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரே சத்தியம் அதுதான்.

"வாங்கின ஆள் பேரைச் சொல்லு. நீ சொல்றது நெசம்னா இன்னிக்கே புருஷனைக் கூட்டிப் போகலாம்" என்றார் எஸ்.ஐ.

அண்ணன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் கடைக்காரரால் பொய் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் வெறும் சமாதானம். அந்த நேரத்தில் யார் பேரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்த ஆளை எனக்கு அறியில்ல சாரே" என்றார்.

"காலைல சிரிச்சுப் பேசித்தானுங்க குடுத்தீங்க" என்றார் அண்ணன், சண்டையில்லாமல். அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

எஸ்.ஐ. எங்கள் வீட்டில் எடுத்த பெட்டியையும் இதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இப்ப ரெண்டு ஆளாச்சு" என்று வழக்கு எழுதும் ரைட்டரிடம் சொன்னார். ஒருவன் வைத்திருந்தால் திருட்டு, இருவர் வைத்திருந்தால் கூட்டமாம். ரைட்டர் ஏதோ எழுதி என் கைநாட்டை வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். "கேஸ் இப்பத்தானே பெரிசாச்சு" என்றார் எஸ்.ஐ. கடைக்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

அண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். "அழுவாத அம்மிணி. நாந்தான வாங்குனேன். நீ ஒண்ணும் பொய் சொல்லலியே" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன்.

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். முதல் அடிக்கு அவர் சத்தம் போடவில்லை. இரண்டாவதற்கு அலறினார். அப்போது அதற்கும் பின்னால் இருந்த அறையிலிருந்து என் புருஷனின் குரல் கேட்டது.

"ஏனுங்ணா, ரத்தினசாமியண்ணனா? உங்கள ஆருங்ணா காட்டிக் குடுத்தாங்க?"