வலி இல்லை

நான்காவதாக வந்த மருத்துவ மாணவி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தியென்சாயின் வயிற்றில் கைவைத்தாள். கல்லீரல் புற்றுநோய். நீர் கோத்து வயிறு பளபளவென்று உப்பியிருந்தது.

"எங்க ஊர்ப் பொண்ணுங்க சிப்பியையே இதைவிட அழுத்திப் பிடிப்பாங்க. பயப்படாம அமுக்கு பாப்பா," என்றார், ஆயுள் முழுக்கக் கடலில் சிப்பி வளர்த்தவர். மாணவர்கள் சிரித்தார்கள்.

"வயித்தைப் பார்க்காதே, அவர் முகத்தைப் பாரு," என்றார் பேராசிரியர். "மெதுவா அமுக்கிட்டு, சட்டுன்னு கையை எடு. எடுக்கும்போது வலிச்சா உள்ளே சீழ் பிடிச்சிருக்கலாம். அப்புறம் இவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது."

அமுக்கினாள். எடுத்தாள்.

"வலிக்குதா தாத்தா?"

"ஊஹூம்."

எல்லோரும் அந்தச் சிரித்த முகத்தையே பார்த்தார்கள். கால்மாட்டில் நின்ற மகள் பீயுன் மட்டும் போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதங்களைப் பார்த்தாள். விரல்கள் உள்ளே மடங்கி வெளுத்திருந்தன.

அப்பா அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான். கடைசி மூச்சு வீட்டுக் கூடத்தில் போகவேண்டும். வெளியே செத்தால் ஆவி வழி தெரியாமல் அலையும்.

பீயுன் போர்வையை இழுத்துப் பாதங்களை மூடினாள்.

மாணவி தயங்கினாள். "இன்னொரு தடவை பார்க்கட்டுமா சார்?"

"போதும்மா, களைச்சுட்டார்," என்றாள் பீயுன்.

மதியம் வீடு சேர்ந்தார்கள். கூடத்தில் பலகை போட்டுப் படுக்கவைத்ததும், "வந்துட்டேன்," என்றார். அதன்பின் அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய வலி மாத்திரையை வாந்தியெடுத்தார். பிறகு கத்தத் தொடங்கினார். சந்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. கையைப் பிடித்த பீயுனைத் தள்ளிவிட்டார்.

"திரும்பப் போயிடலாமாப்பா?"

தலையை ஆட்டினார். வேண்டும் என்றா வேண்டாம் என்றா, அவளுக்குப் புரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாயும்போது சத்தம் நின்றது.

தைபேயிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த தம்பி போனில் கேட்டான். "அப்பா ரொம்பக் கஷ்டப்படலியே அக்கா?"

"வீட்லதான்டா போனார்," என்றாள்.

அக்கம்பக்கத்து வாசல்களில் தீட்டு அண்டாமலிருக்கச் சாவு வீட்டார் சிவப்புக் காகிதம் ஒட்டவேண்டும். வெளியே வந்தாள். அந்தப் புழுக்கத்திலும் சந்து முழுக்க ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எதிர்வீட்டு அமான் அத்தை கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் நீட்டினாள்.

"குடு, நானே ஒட்டிக்கிறேன். எல்லார் வீட்டுக்கும் சேர்த்துக் குடு. நீ உள்ளே போ."

பீயுன் வாசற்படி ஏறும்போது பின்னால் ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.