ஜெசிக்காவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை

வெல்மார் பதிலை அனுப்பிய அதே நேரம் கதவுக்கு வெளியே ஒரு போன் சிணுங்கியது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அம்மாவை மறுபடி டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன் மானாங், அதான் லேட்டு, மன்னிச்சிடுங்க" என்று ஜெசிக்காவின் பெயரில் எழுதி, கூடவே ஓர் அழுமூஞ்சிப் பொம்மையும் போட்டிருந்தான். அப்புறம் மார்க்கின் பெயருக்கு மாறி, பாக்கோலோடு நகரத்திலிருந்து காலையிலேயே திட்ட ஆரம்பித்துவிட்ட ஒரு பல் டாக்டருக்கு "இது எங்கள் பிரிவு இல்லை" என்று பணிவாகத் தெரிவித்தான். அதற்குள் கதவு தட்டப்பட்டது. தொடர்ந்து ஒரு பெண்குரல்: "ஐயோ பாவமே, மறுபடியும் டயாலிசிஸா!"

வெல்மார் அவசரமாகத் திரையை அணைத்தான். வாடிக்கையாளர் யாரும் அந்த மாடிப்படி ஏறியதே கிடையாது. மணிலாவுக்கு வெகுதூரத்தில் இருக்கும் ஹாரோவில், கோழி சுட்டு விற்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை; அதுதான் கம்பெனி. வலைத்தளத்தில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும் கண் விழிக்கும் ஆறு பேர் கொண்ட சேவைக்குழு, அத்தனை பேரும் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிப்பார்கள். அந்த ஆறு பேரும் வெல்மார்தான். சட்டையை மாற்றுவதைவிடச் சுலபமாகப் பெயரை மாற்றிக்கொள்ளப் பழகியிருந்தான். ஜெசிக்கா என்றால் இளகின மனசு, ரிச்சர்ட் என்றால் சிடுசிடுப்பு, சர்க்கரை வியாதி.

இணையத்தில் கடை போடுகிறவர்களுக்கு முகவரிப் பெயர் பதிந்து கொடுப்பதும், வருஷா வருஷம் அதைப் புதுப்பித்துக் கொடுப்பதும் தொழில். முதலாளி தியோதுலோ அதில் சொந்தமாக ஒரு கிளைத் தொழிலையும் கண்டுபிடித்திருந்தார். எவருடைய கடைக்கு வியாபாரம் சூடு பிடிக்கிறதோ, அவர் புதுப்பிக்கக் கட்டிய பணம் மட்டும் ஏதோ "கோளாறு" என்று போய்ச் சேராது. பெயர் காலாவதியாகும். உடனே ஹாங்காங்கில் மிஸ்டர் வோங் என்று ஒருவர் அதை வாங்கிப்போட்டு, திருப்பிக் கொடுக்க யானை விலை கேட்பார். மணிலாவைக்கூட எட்டிப் பார்க்காத வெல்மார்தான் மிஸ்டர் வோங்கும். வாடிக்கையாளருக்காக ஜெசிக்கா கெஞ்சுவாள், வோங் பிடிவாதம் பிடிப்பார். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இப்படி இரண்டு பக்கமும் பேரம் பேசியே வெல்மாருக்குக் கழுத்து வலி வந்திருந்தது.

கதவைத் திறந்தான். கிம்பால் ஊரிலிருந்து ஜீப்னி என்ற குட்டி பஸ் ஏறி வந்த களைப்போடு மானாங் லூமி நின்றுகொண்டிருந்தார். மூத்தவளை மானாங் என்றும் இளையவனைத் தோத்தோ என்றும் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஊரில் பிஸ்கோச்சோ சுட்டு விற்பவர். வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மொறுமொறுவென்று இரண்டாவது தடவை சுட்டெடுக்கும் அந்த ரொட்டிக்கு துபாய் வரைக்கும் ஆள் இருந்தது. மாதா கோயிலின் கந்தெலாரியா திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்து வியாபாரத்தில் பாதி அந்த ஒரு வாரத்தில்தான், அதுவும் இணையத்தில்தான். இப்போது அவர் கடைப் பெயரைத் தட்டினால் "விற்பனைக்கு" என்று வந்தது. திருவிழா போய்விட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, கூட வேலை செய்யும் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று ஜெசிக்காவிடம் உருகி உருகி எழுதியிருந்தார்.

"எல்லாரும் எங்க, தோத்தோ?"

"சாப்பிடப் போயிருக்காங்க, மானாங்."

"காலைல ஒம்பது மணிக்கா?"

"அது... நைட் ஷிப்ட் ஆளுங்க."

மானாங் லூமி நம்பினார். நம்பியதோடு நில்லாமல் உட்கார்ந்தும்விட்டார். பெரிய பையைத் திறந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். வெறுங்கையோடு ஒருவர் வாசலை மிதிப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. சண்டை போடப் போனாலும் தின்பதற்கு ஏதாவது எடுத்துக்கொண்டுதான் போவார்கள். எல்லாப் பொட்டலத்திலும் பெயர் எழுதியிருந்தது.

"இது மார்க்குக்கு. இது ரிச்சர்ட் சாருக்கு, சர்க்கரை போடல, அவருக்கு ஆகாதே. ஜெசிக்காவுக்கு மட்டும் ரெண்டு, ஒண்ணு அவ அம்மாவுக்கு. பாவம் இந்தப் பொண்ணு. வர்ற வழியில கோயில்ல ஏறி அவ அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டுத்தான் வந்தேன். தினமும் ஜெபத்துல சொல்லிட்டுதான் இருக்கேன்."

வெல்மாருடைய அம்மா அந்த நேரத்தில் பிளாசாவில் தோழிகளோடு சேர்ந்து ஜூம்பா ஆடிக்கொண்டிருப்பாள். கல்லைத் தின்றாலும் கரைக்கிற உடம்பு.

"இது?" ஒரு பொட்டலத்தைக் காட்டிக் கேட்டான்.

"அந்த ஹாங்காங்காருக்கு. நீங்க பார்சல்ல அனுப்பிடுங்க. அந்த மனுஷனுக்கும் வாய் இருக்கும்ல, தின்னா கொஞ்சம் எளகுவாரு." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, உன் பேரு என்ன தோத்தோ?"

"வெல்மார்."

"அடடா, அந்தப் பேர்ல யாரும் எனக்கு எழுதலயே. உனக்கு ஒண்ணும் கொண்டு வரலயே!"

இதைக் கேட்டதும் வெல்மாருக்கு ஜெசிக்கா மேல் பொறாமை வந்தது. தன் கைவிரலில் பிறந்த பெண் மேல் பொறாமைப்பட்ட ஒரே ஆண்பிள்ளை அவனாகத்தான் இருப்பான். வெட்கமாகவும் இருந்தது.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு மானாங் லூமி எழுந்தார். "ஜெசிக்காவைக் கேட்டா மார்க்கைக் கேளுங்கங்கிறா, மார்க் ரிச்சர்டைக் கைகாட்டறாரு, ரிச்சர்ட் சார் மறுபடி ஜெசிக்காவையே கேக்கச் சொல்றாரு. தனித்தனியாக் கேட்டா இப்படித்தான் சுத்தும். எல்லாரையும் ஒரே எடத்துல உக்கார வெச்சுக் கேட்டாதான் சரி. பராங்காய் கேப்டன்கிட்ட சொல்லிட்டுப் போறேன்."

எந்த வழக்கும் கோர்ட்டுக்குப் போகும் முன், வட்டாரத் தலைவரான பராங்காய் கேப்டன் முன்னால் இரண்டு தரப்பும் முகத்துக்கு முகம் உட்கார்ந்தாக வேண்டும். இணையத்தில் எத்தனை கில்லாடியாக இருந்தாலும் அவர் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து தப்ப முடியாது. வெல்மார் முதலாளிக்குப் போன் போட்டான்.

"எல்லாரும் மணிலால ட்ரெய்னிங்னு அடிச்சு விடு" என்றார் தியோதுலோ. "என் பேரு மட்டும் வாயில வந்துது, வேலையும் போச்சு, நீயும் போன. வோங் கணக்கு உன் நம்பர்லதான இருக்கு? ஞாபகம் வெச்சுக்க."

பிற்பகலில் பராங்காய் கூடத்துக்குப் போனபோது ஏழு நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு. கேப்டன் ஃப்ளோரென்டினோ ஐஸ்மிட்டாய் சப்பியபடி, நடுவில் வந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மட்டுமா வந்த? சரி, வரிசையாக் கூப்பிடறேன். ஜெசிக்கா!"

மானாங் லூமி ஆசையாக வாசலைப் பார்த்தார். தலையைச் சீவி, புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார், ஜெசிக்காவை முதன்முதலாகப் பார்க்கப் போகிறோமே என்று. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மணிலாக் கதையைச் சொல்ல வெல்மாருக்கு மனசு வரவில்லை.

"நான்தான், கேப்டன்" என்றான்.

"என்னது?"

"ஜெசிக்கா நான்தான்."

ஐஸ்மிட்டாய் கேப்டனின் முழங்காலில் விழுந்தது. "அப்ப மார்க்?"

"நானு."

"ரிச்சர்டு?"

"அதுவும்."

ஒவ்வொரு பெயருக்கும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. "கல்யாணம் எந்தப் பேர்ல பண்ணிக்கப் போற தோத்தோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மானாங் லூமி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார். அறைவார் என்று நினைத்து வெல்மார் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப உன் அம்மா?"

"நல்லா இருக்காங்க, மானாங். ஒரு நோவும் இல்ல."

"டயாலிசிஸ்?"

"பொய்."

மானாங் லூமி நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவரே, நல்லவேளை" என்றார். நிஜமாகவே அவருக்கு மூச்சு சீரானது. அதன் பிறகுதான் கோபம் வந்தது. "கொலைகாரப் பாவி, எத்தனை ராத்திரி தூங்காம இருந்தேன் தெரியுமா?"

அறைந்திருந்தால் வெல்மார் தாங்கியிருப்பான். இது அவனைக் கீழே தள்ளிவிட்டது. அழுமூஞ்சிப் பொம்மையை எத்தனையோ பேருக்கு அனுப்பியவனுக்கு இப்போது சொந்தக் கண்ணிலேயே நீர் முட்டியது.

கேப்டன் கடைசி நாற்காலியைக் காட்டினார். "இது ஹாங்காங்காரன். இவனையாவது நெசம்னு சொல்லுடா."

வெல்மார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். வோங்கின் கணக்கைத் திறந்து, மானாங்கின் கடைப் பெயரைத் தேடி, அதை அவருக்கே திருப்பித் தர "உரியவர் கணக்குக்கு மாற்று" என்ற இடத்தைத் தொட்டான். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இங்க சிக்னல் வராது" என்றார் கேப்டன். "ஜன்னலுக்கு மேல பிடி, கொஞ்சம் வரும்."

வோங்கின் நாற்காலியை இழுத்துப்போட்டு வெல்மார் ஏறி நின்றான். காற்றுப்போக்கி வழியாகக் கையை வெளியே நீட்டினான். "இன்னும் இடது பக்கம்!" என்றது கூட்டம். "கோயில் பக்கம் காட்டு!" நாற்காலியின் ஒரு கால் விரிசல் விட்டிருந்தது, அவன் ஆடினான். மானாங் லூமி திட்டுவதை நிறுத்தாமலே வந்து, குனிந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவன் கையில் போன் அதிர்ந்தது. திரையில் முதலாளியின் பெயர். எடுக்காவிட்டாலும், அது அடித்துக்கொண்டிருக்கும்வரை நெட் வருமா, பெயர் மாறுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன ஆச்சு, வந்துச்சா?" கீழேயிருந்து மானாங் கேட்டார்.

"இருங்க மானாங், விட்டுடாதீங்க" என்றான் வெல்மார், கையை இன்னும் கொஞ்சம் உயர நீட்டியபடி.