சுவரோரத்து நாற்காலி

வெல்டர் அந்த முதியோர் பகல் கூடத்துக்குப் போக ஆரம்பித்தது மகளின் பிடுங்கல் தாங்காமல்தான். பெண்டாட்டி போன பிறகு மனுஷர் வாயைத் திறப்பதே மருந்துக்கடையில் மட்டும் என்று ஆகியிருந்தது. நாலு பேரோடு உட்கார்ந்துவிட்டு வாங்கப்பா, காசா பணமா என்று மகள் போனில் அரித்தாள். சும்மா டீ ஊற்றுகிறவன் பின்னால் ஏதோ பாரத்தை ஏற்றப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் போனார்.

அங்கே கிழடுகளின் கை கால் மரத்துப் போகாமலிருக்க ஒரு நர்ஸ் பெண் சின்னப் பிள்ளை விளையாட்டு வைப்பாள். நாற்காலியை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்காரணும். ஒருத்தர் கையில் துணியோடு பின்னால் சுற்றி வருவார். உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் முதுகுக்குப் பின்னால் துணி விழுகிறதோ அவர் அதை எடுத்துக்கொண்டு, போட்டவரைத் துரத்தணும். அங்கே எல்லோருக்கும் பழைய தொழில்தான் பேர். இடுப்புப் பெல்ட் கட்டிய கம்பவுண்டரை டைலரம்மா கைத்தடியோடு துரத்தும்போது கூடமே வயிறு வலிக்கச் சிரிக்கும்.

பைத்தியக்காரத்தனம் என்று வெல்டர் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனாலும் தினமும் வட்டத்தில் உட்கார்ந்தார். வாரங்கள் போயின. உட்கார்ந்தபடியே தூங்குகிறவருக்குக்கூடத் துணி விழுந்தது. வெல்டருக்கு மட்டும் ஒரு தடவையும் விழவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அதே நினைப்பு. ஒதுக்குகிறார்கள். எல்லாம் கூடிப் பேசி வைத்துச் செய்கிற வேலை. யார் சோற்றில் மண்ணைப் போட்டோம் என்று யோசித்து யோசித்து ஒருநாள் காலையில் மகளுக்குப் போன் போட்டு, இன்றோடு அந்தக் கூடத்தைத் தலைமுழுகப் போவதாகச் சொன்னார். போகுமுன் காரணத்தை மட்டும் கேட்டுவிட வேண்டும். டீ நேரத்தில் லாரி ஓட்டியவரை மடக்கிக் கேட்டார்.

லாரிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, உங்க பின்னால எங்க போறது? சுவருல்ல இருக்கு. பல்லிதான் போட்டுட்டுப் போகணும்."

வெல்டர் திரும்பிப் பார்த்தார். வட்டத்தில் அவர் நாற்காலி மட்டும் பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. முதுகு உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. யாரும் அவரை அங்கே தள்ளவில்லை. பட்டறையில் முகத்துக்கு ஷீல்டை இறக்கிவிட்டால் நெருப்புப் பொட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. பின்னால் எவன் வருகிறான், எவன் சிலிண்டரை உருட்டுகிறான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் சுவரை முதுகுக்குக் கொடுத்துத்தான் பற்றவைப்பார். ஷீல்டைக் கழற்றி எத்தனையோ காலமாகியும் முதுகு மட்டும் சுவரைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் கட்டிலும் அப்படித்தான் கிடக்கிறது.

டீ முடிந்ததும் நாற்காலியைத் தரதரவென்று முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்தார்கள். முதுகில் சட்டையே இல்லாத மாதிரிக் கூசியது.

துணி டைலரம்மா கையில் இருந்தது. அவள் கம்பவுண்டரைத் தாண்டி வந்து, பழக்கத்தில் வெல்டருக்கு முன்பக்கமாக ஒதுங்கினாள். வெல்டர் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"பின்னாலயும் வழி இருக்கும்மா."

அவள் நின்றாள். தடியை ஊன்றித் திரும்பிப் பின்பக்கம் போனாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தடியின் சத்தம் சரியாக முதுகுக்குப் பின்னால் வந்து மெதுவானது. திரும்பவில்லை அவர். சத்தம் கடந்து போனது. ஒருபக்கம் சரிந்து கையைப் பின்னால் விட்டுத் தடவினார். வெறும் தரை. துணி லாரிக்காரருக்குப் பின்னால் விழ, அவர் எழுந்து நொண்டிக்கொண்டே துரத்தினார். கூடம் சிரித்தது.

அடுத்த சுற்றுக்கும் நாற்காலியை அவர் பின்னுக்கு இழுக்கவில்லை. அன்றும் அவருக்குத் துணி விழவில்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டு, தலைமுழுகியாச்சா என்று கேட்டாள்.

"நாளைக்கு ஒருநாள் போய்ப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.