தழை போடும் நேரம்

நிர்மலாதேவி மல்பெரித் தழைக்கட்டை வாசலிலேயே இறக்கி வைத்தாள். உள்ளே கொண்டுபோகக் கால் எழவில்லை. காலையில் போட்ட தழையைப் பட்டுப்புழுக்கள் நரம்புகூட விடாமல் தின்று தீர்த்திருந்தன. புழு வளர்க்கும் மனையில் ஒரு சத்தமும் இல்லை. அடுக்குகளுக்குக் கீழே, பாயில், மகள் கவிப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூடு கட்டப்போகிற வயதுப் புழு தழை தின்றால் கூரைமேல் மழை பெய்கிற மாதிரியே கேட்கும். பெருமழையில் ஆறு ஊருக்குள் புகுந்த நாளிலிருந்து கவிப்பிரியாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு காதைப் பொத்தி உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை நன்றாகக் கண் மூடி எத்தனையோ நாளாகிவிட்டது; இப்போதுதான் அசந்திருக்கிறாள்.

வேறு எங்கே படுப்பது? மண்சுவர் வீடு வெள்ளத்தில் கரைந்துபோயிற்று. சிமெண்டில் கட்டிய புழு மனை மட்டும் நின்றது. சேதம் பார்க்க வந்தவர், "இது நிக்குதில்லம்மா? அப்ப உங்களுக்கு வூடு இருக்குதுன்னுதான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வெள்ளம் வந்த அன்றைக்குக் கணவன் மாதேஸ்வரன் கூடு விற்கத் தர்மபுரிக்குப் போயிருந்தான். கூட இல்லாமல் போய்விட்டோமே என்று அப்போது படுத்தவன்தான், இன்னும் இதே மனையில் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடக்கிறான். சோறு வைத்தால் தின்கிறான். பேச்சுக் கொடுத்தால் பதில் இல்லை.

படுக்கக்கூட நிர்மலாவுக்கு வழியில்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது அவள் பிஞ்சுப் புழுத் தட்டுகளை மேலடுக்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். வாசல் நிலையைப் பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, நானு?"

"இரு கண்ணு, தோ வர்றன்!"

இன்னும் இரண்டு தட்டு பாக்கி இருந்தது. பாவி, அந்த இரண்டையும் ஏற்றிவிட்டுத்தான் போனாள். அந்தப் புழுக்களும் ஈரத்தழை தின்று நோய் கண்டு செத்தன.

இப்போது இந்தப் புதுப் புழுக்கள் தலையைத் தூக்கித் தழை தேடின. இந்த வேளை தவறினால் கூடு இளைத்துவிடும். அடுப்பு எரிய இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

"ஏங்க" என்றாள் தணிந்த குரலில். "பாப்பாவ எங்கம்மா வூட்டுல வுட்டுட்டு வாங்களேன். கூடு கட்டுற வரைக்கும்தான். நான் போனா புழுவ யாரு பாக்கறது?"

மாதேஸ்வரன் சுவரைப் பார்த்தே சொன்னான்.

"புழு பட்டினி கெடக்குது."

இத்தனை நாளைக்கு அப்புறம் வாய் திறந்தவன் சொன்னது அதுதான். நிர்மலா தழைக்கட்டை உள்ளே இழுத்தாள். கை தானாக அதை அவிழ்த்தது. மகளுக்கு எட்டத்தில் இருந்த மூலையிலிருந்து தொடங்கினாள். கிளைகளை ஓசைப்படாமல் பரப்பினாள். தின்னும் சத்தம் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூறியது. பிறகு அடுக்கு முழுக்கப் பிடித்துக்கொண்டது.

கவிப்பிரியா விழிக்கவில்லை. தூக்கத்திலேயே அவளுடைய கைகள் இரண்டும் மெல்ல எழுந்து காதுகளைப் பொத்தின.

"இரு கண்ணு" என்றாள் நிர்மலா. "தோ வர்றன்."

இன்னும் இரண்டு அடுக்குக்குத் தழை போட வேண்டியிருந்தது.