தாய்மாமன் மடி

வேனிலிருந்து இறங்கிய சீர்த்தட்டுகளை முருகானந்தம் ஒவ்வொன்றாகத் தானே வாங்கி வரிசையில் வைத்தான். போன ஆடியிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவன், இன்று மீசை திருத்தி, வெள்ளை வேட்டி கட்டி, எருமப்பட்டிக் கோயில் வாசலில் நிற்பதைக் கண்டு அவன் மனைவி மஞ்சுளாவுக்குக் கண் நிறைந்தது. அவன் தங்கை வித்யாவின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த ஆசைதான் அவனைக் கட்டிலை விட்டு எழுப்பியது என்று சொந்தம் பேசிக்கொண்டது. அவனும் அப்படித்தான் நம்பினான்.

எழுப்பியது மாத்திரை. அது மஞ்சுளாவைத் தவிர யாருக்கும் தெரியாது, தின்றவனுக்கே தெரியாது. நாமக்கல்லில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனதற்கு, "நானென்ன பைத்தியமா?" என்று மருந்துச்சீட்டைக் கிழித்தெறிந்தவன் அவன். அவள் தனியாகப் போய் மாத்திரை வாங்கிவந்து, தினமும் அவன் படுக்கும் முன் நுணுக்கி மோரில் கலந்து கொடுத்தாள். "இதச் சாப்புடறப்ப தண்ணி போடவே கூடாதும்மா. கைகாலு சொன்னபடி கேக்காது, புத்தி மந்தமாயிரும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். எழுந்து நடக்காதவன் எங்கே போய்க் குடிக்கப் போகிறான் என்று இருந்துவிட்டாள். நேற்றிரவு வீடு நிறைய விருந்தாளிகள். அடுக்களையில்கூட ஆள் படுத்திருந்தது. ஒருநாள் விட்டால் பழையபடி விழுந்துவிடுவானோ என்று பயந்து, விடிந்ததும் கொடுத்துவிட்டாள்.

கிடா வெட்டுகிற இடத்தில் கறி வேகும் முன்பே ஆண்களுக்குத் தொண்டை காய்ந்துவிடும். அவள் வேனுக்குப் பின்னால் போனபோது வித்யாவின் கணவன் மதியழகன் டம்ளரோடு நின்றான். முருகானந்தம் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரே வாய்தானுங்க அக்கா. இன்னைக்குக்கூட மச்சான் வேண்டாம்னா எப்படிங்க?"

"கொழந்தைய வேற ஆராச்சும் மடில வெச்சுக்கட்டுங்களே" என்றாள் மஞ்சுளா.

"தாய்மாமன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப வேற மடி எதுக்குங்க?" என்றான் மதியழகன். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். முருகானந்தமும் சிரித்தான்.

ஆசாரி ஊசியை வைத்ததும் குழந்தை வீரிட்டது. மடியில் அதை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய முருகானந்தத்தின் கை தளர்ந்தது, கண் சொருகியது. குழந்தை துள்ளியதில் காது மடல் கிழிந்து ரத்தம் வழிந்தது. வித்யா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"உன்ற மருமவ காதப் பாருண்ணா. இன்னைக்கு ஒருநா குடிக்காம இருக்க முடியலையா உனக்கு?"

ஊற்றிக் கொடுத்த மதியழகன் கூட்டத்தோடு கூட்டமாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். முருகானந்தம் வாயைத் திறந்தான். குழறிய நாக்கே அவனுக்கு எதிர்ச்சாட்சி சொன்னது.

"மஞ்சு... எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. நான் அவ்வளவு குடிக்கல. நீ சொல்லு."

சொல்லலாம். சொன்னால் குடிகாரன் பட்டம் போய்ப் பைத்தியம் என்ற பட்டம் வரும். கட்டினவனுக்கே மருந்து வைத்தவள் என்று அவளுக்கும் ஒன்று. குடிகாரனை ஊர் நாளைக்கே மன்னித்துவிடும். பாதிப் பேர் அவன் கூட்டாளிகள்.

"குடிச்சுப்போட்டு எதுக்குங்க இல்லீங்கறீங்க?" என்றாள்.

சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. கை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை. ஜமக்காளத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்து, தூணைப் பற்றி எழுந்து நின்றான். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வேட்டியில் ரத்தம் சின்னதாக ஒரு பொட்டு. அதைத் துடைக்க விரலைக் கொண்டுபோனான். விரல் வேறெங்கோ போய்த் தொட்டது. மறுபடி கொண்டுபோனான்.