முக்கால் மணி நேரம்

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று லக்ஷ்மிநாராயணனுக்கு ஆபீஸில் பெயர். பதினாறு வருஷமாக மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் உத்தியோகம். அடுத்தவர் செய்த பிழையை முகத்துக்கு நேரே சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷமாக ஒரே ஒரு பொய்யை அலுக்காமல் சொல்லி வந்தார் என்றால், அதற்குக் காரணம் ஊரப்பாக்கத்தில் அவர் வாங்கிய வீடு.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், பால்கனியில் நின்றால் காற்று பிய்த்துக்கொண்டு வரும். குறையெல்லாம் தூரத்தில். வீட்டைக் காட்டப் புரோக்கர் குப்புராஜ் தேர்ந்தெடுத்த நாள் பொங்கல். பாதிச் சென்னை சொந்த ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தது. சிறுசேரியில் ஆபீஸ் வாசலிலிருந்து காரைக் கிளப்பியவன், கேளம்பாக்கம், மாம்பாக்கம், வண்டலூர் என்று ஒரே மூச்சில் வந்து, வீட்டு வாசலில் நிறுத்திக் கையை நீட்டினான். "பாத்துக்கோங்க சார், முக்கா மணி. நான் சொல்லல, வாட்ச் சொல்லுது." ஊர் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவர் அன்றைக்கு வாட்ச்சைப் பார்த்தாரே தவிர, காலண்டரைப் பார்க்கவில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள், அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய்ப் பார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். குடி போன முதல் திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினார். ஸ்கூட்டரில் மூன்று கிலோமீட்டர் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஏறி, வண்டலூர் சிக்னலில் ஒரு தூக்கம், கண்டிகையில் ஒரு தூக்கம் போட்டுச் சிறுசேரியில் இறங்கியபோது மணி ஏழு ஐம்பது. திரும்புகிறபோது இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. பையன் ஹர்ஷாவை விழித்த நிலையில் பார்க்கச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும் என்று அந்த வாரத்திலேயே புரிந்துபோயிற்று.

அன்று காப்பி மிஷின் பக்கத்தில் யாரோ கேட்டார்கள். "என்ன எல்.என். சார், புது வீடு எப்படி? வர எவ்வளவு நேரம் ஆகுது?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதே காப்பி மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, வாடகை கொடுக்கிறவனெல்லாம் வடிகட்டின முட்டாள் என்று ஆறு மாசம் பிரசங்கம் செய்திருந்தார். அந்த முட்டாள்கள் அத்தனை பேரும் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள்.

"முக்கால் மணி நேரம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்தான்.

அதனால் யாருக்கும் கெடுதல் இல்லாமல்தான் இருந்தது, தயாளன் வந்து கேட்கிற வரைக்கும். தயாளன் அவருடைய டீமில் நாலு வருஷமாக இருக்கிற பையன். அவரிடம்தான் தொழில் கற்றுக்கொண்டான். ஒரு மென்பொருளைச் சார் சரிபார்த்துவிட்டார் என்றால் அதை மறுபடி திறந்துகூடப் பார்க்க மாட்டான், அவ்வளவு நம்பிக்கை. நாவலூரில் வாடகை வீடு, ஒரு வயசில் பெண் குழந்தை. மனைவி வினிதா அங்கேயே ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். காலை ஏழு மணி ஷிஃப்ட், நடந்து போகிற தூரம். அவளைச் சீக்கிரமே இன்சார்ஜாகப் போடப்போகிறார்கள் என்று தயாளனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"சார், உங்க அப்பார்ட்மென்ட்லயே மூணாவது மாடில ஒண்ணு விலைக்கு வருது. எங்கப்பாம்மா மதுராந்தகத்துலேருந்து வந்து போக வசதி. வினிதாதான் ரொம்ப யோசிக்கிறா, ஏழு மணி ஷிஃப்டுக்கு எப்படிப் போறதுன்னு. ஒரு நாள் காலைல உங்ககூட பஸ்ல வந்து பாக்கட்டுமா?"

அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். "வாப்பா, வந்து பாரு" என்று சொன்னால் போதும். பஸ்ஸே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

"எதுக்குப்பா வீணா அலையறே? நான் தினமும் வந்துண்டு இருக்கேனே. முக்கால் மணி. மழை பெஞ்சா அஞ்சு நிமிஷம் கூட ஆகும்."

அந்த அஞ்சு நிமிஷத்தை ஏன் சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது. பொய்க்கும் உப்பு, காரம் வேண்டியிருக்கிறது போலும்.

மானம் போகுமே என்ற பயம் மட்டும் காரணமில்லை. அதைவிடக் கேவலமான ஒன்று உள்ளே இருந்தது. தயாளன் கெட்டிக்காரன். அவனும் அங்கேயே வீடு வாங்கினால், தான் ஏமாந்தவன் இல்லை என்று ஆகிவிடும். தனியாக ஏமாந்தவருக்கு ஒரு துணை தேவைப்பட்டது. இதை அவர் பிற்பாடு பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துத்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தபோது கூசியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தயாளன், மனைவி, குழந்தையோடு வீடு பார்க்க வந்துவிட்டு அவர் வீட்டில் காப்பி சாப்பிட்டான். வினிதா அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது லக்ஷ்மிநாராயணனின் மனைவி சுந்தரவல்லியைப் பார்த்து, "அக்கா, சார் ஆபீஸ்லேருந்து சீக்கிரம் வந்துடுவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

சுந்தரவல்லி கணவரைப் பார்த்தாள். "வந்துடுவார்மா" என்றாள்.

அவர்கள் லிஃப்டில் இறங்கியதும் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, அந்தப் பொண்ணு கைக்குழந்தையை வெச்சுண்டு கேக்கறா. என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டேளே."

"பழகினா சரியாப் போயிடும்."

"நமக்கு ரெண்டு வருஷமாப் பழகலையே" என்று சொல்லிவிட்டுக் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அவருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த தூக்கமும் போயிற்று. தினமும் கண்டிகை தாண்டும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். சிறுசேரியில் இறங்கும்போது, சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று திருத்தம். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் நாலு பேர். இதற்குள் பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை தயாளன் வாடிய முகத்தோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"வீட்ல கொஞ்சம் சண்டை சார். இந்த வீட்டு விஷயமா."

என்ன சண்டை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லவேண்டி வருமே என்று பயந்தார். "எல்லாக் குடும்பத்துலயும் இருக்கறதுதான்பா, சரியாயிடும்" என்று சொல்லிக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை தயாளன் மைசூர்பாக் கொண்டுவந்து நீட்டினான். பதிவு முடிந்துவிட்டது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டபோது அவருக்குத் தோன்றிய முதல் எண்ணம், அப்பாடா, இனிமேல் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பதுதான். அந்த நிம்மதியை நினைத்து நினைத்துத்தான் பல நாள் தன் மேலேயே அருவருப்புப் பட்டார்.

கிரகப்பிரவேசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கன்றோடு பசுவைக் கொண்டுவந்து கீழே கார் நிறுத்துகிற இடத்திலேயே பூஜை செய்தார்கள். மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் ஏற அது சம்மதிக்கவில்லை. மேலே வீட்டுக்குள் ஹோமப் புகையில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். தயாளன் மதுராந்தகத்துச் சொந்தபந்தங்கள் நடுவில் அவரை இழுத்து நிறுத்தி, தட்டில் வேட்டியும் துண்டும் பழமும் வைத்து நீட்டினான்.

"இவர்தான்ப்பா எங்க சார். இவர் வார்த்தையை நம்பித்தான் இந்த வீடு" என்று அப்பாவிடம் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் அவரையும் சுந்தரவல்லியையும் சேர்த்து நிற்கவைத்துக் காலில் விழுந்தான். சுந்தரவல்லி அட்சதையைப் போட்டுவிட்டுத் தலை நிமிராமல் நகர்ந்துவிட்டாள்.

சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சின்ன பால்கனியில், வினிதா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். புகைக்குத் தப்பி வந்தவரைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் கொடுத்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று அவர், "ஷிஃப்ட் எல்லாம் மாத்திக் குடுத்துட்டாளாம்மா?" என்று கேட்டார்.

"வேலைய விட்டுட்டேன் சார். வெள்ளிக்கிழமையோட."

"இன்சார்ஜா போடப்போறாங்கன்னு தயாளன் சொன்னானே..."

"போட்டாங்க. வேற பொண்ண." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நான் ஒரு நாள் வந்து பாத்துட்டேன் சார். பதிவுக்கு முந்தின புதன்கிழமை. லீவு போட்டு, குழந்தைய அக்கா வீட்ல விட்டுட்டு, விடிகாலைல ஆட்டோ புடிச்சு இங்க வந்தேன். ஷிஃப்ட ஒம்பது மணிக்கு மாத்திக்கிட்டாலாவது முடியுமான்னு பாக்க, அதோ அந்த கேட்லேருந்து ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோ, அப்புறம் ரெண்டு பஸ். நாவலூர்ல எறங்கறப்ப ஒம்பது பத்து."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே அவர்கிட்ட சொன்னேன். சார் தினமும் போறாரு, அவர் என்ன பொய்யா சொல்றாருன்னு கேட்டாரு. எங்கப்பாம்மா வந்து போறது உனக்குப் புடிக்கல, அதான் கதை கட்டறேன்னாரு. நாலு நாள் என்கூடப் பேசல. அஞ்சாவது நாள் போய்க் கையெழுத்துப் போட்டோம்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். மருத்துவ ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"தப்பு என்னோடதும்மா" என்றார். "மகா தப்பு. இப்பவே போய் தயாளன்கிட்ட சொல்லிடறேன்."

"வேணாம் சார்." முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "சொல்லாதீங்க. நாளைக்கு அவரே இங்கேருந்து பஸ்ல போகப்போறாரு. தானாத் தெரிஞ்சுக்கட்டும். தெரிஞ்சுகிட்டு, வீட்டுக்கு வந்து, நீ அன்னிக்குச் சொன்னது நெஜம்தான் வினிதான்னு அவர் வாயால சொல்லணும். வேலை இனிமே வராது சார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருக்கேன். நீங்க சொல்லிட்டா அது எனக்குக் கெடைக்காது."

"சரிம்மா" என்றார்.

சரிம்மா என்று சொன்னவர் அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாயிருக்கும். சாப்பிடாமல் போனால் மரியாதையில்லை என்று மொட்டை மாடிப் பந்திக்குப் படியேறினார். எதிரே தயாளன், வாழையிலைக் கட்டோடு இறங்கி வந்தான். வேர்வையில் நனைந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"சார், நாளைலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம். எனக்கும் பக்கத்துல சீட்டுப் போட்டு வைங்க."

எத்தனையோ நாள் தொண்டையில் நின்றது அன்றைக்கு நிற்கவில்லை. அவனுக்காகவா, வினிதாவுக்காகவா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது.

"தயாளா, முக்கால் மணி இல்லப்பா. போக ஒண்ணே முக்கால் மணிக்கு மேல. வர ரெண்டு மணி, ரெண்டேகால். மொத நாள்லேருந்தே அப்படித்தான். நான் பொய் சொன்னேன்."

தயாளன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான். இலைக்கட்டைப் படியில் வைத்தான்.

"வினிதா சொன்னா சார்" என்றான் மெதுவாக. "ரெண்டு மணி பத்து நிமிஷம்னு. நிமிஷக்கணக்காச் சொன்னா. நான் அவள என்னென்னவோ பேசிட்டேன்."

"என்னை மன்னிச்சுடுப்பா."

அவர் மேல் கோபப்படக்கூட அவனுக்கு அப்போது நேரமிருக்கவில்லை போலிருக்கிறது. "மேல போய்ச் சாப்பிடுங்க சார்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இலைக்கட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான்.

லக்ஷ்மிநாராயணன் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் கொடுத்தார். ஷாமியானாவுக்குக் கீழே, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது நிஜம். பல மாசத்துக்குப் பிறகு பசித்தது. சாம்பார் சாதத்தை முழுசாகச் சாப்பிட்டார், ரசத்துக்கு மறுபடி சாதம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாயசம் வரும்போது வினிதா வாளியோடு வரிசையில் வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால், அப்பள முறத்தைப் பிடித்துக்கொண்டு தயாளன் திருடனைப் போலத் தலையைக் குனிந்து வந்தான்.

அவர் இலை முன்னால் அவள் நின்றாள்.

"உள்ள வந்து மன்னிப்புக் கேட்டாரு சார்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "சாரே சொல்லிட்டாரு வினிதான்னாரு. இப்பவும் நீங்க சொல்லித்தான் நம்பறாரு."

கரண்டி நிறையப் பாயசத்தை அவர் இலையில் ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.